பௌர்ணமியில் போனது, அமாவாசையில் வந்தது

2014ஆம் ஆண்டு ஜூலை 12, ஆனிப் பௌர்ணமி. அதற்கு அடுத்த இரண்டு நாட்களில், பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கும் ஃபெர்மி என்ற விண்வெளித் தொலைநோக்கி ஒரு சேதி சொன்னது. முக்கோணம் என்ற விண்மீன் கூட்டம் இருக்கும் திசையில் ஒரு குவாசர் காமா கதிர்களில் திடீரென்று பொங்கியிருக்கிறது! அந்தக் குவாசரின் பெயர் கியூஎஸ்ஓ பி0218+357. வானத்தில் அது இருக்கும் இடத்தைக் குறிக்கும் எண்களையே பெயராக வைத்துவிட்டார்கள். வாய்க்குள் நுழைய மாட்டேன் என்கிறது, அதனால் நாம் பி0218 என்று சுருக்கிக்கொள்வோம்.

இப்படி ஒரு சேதிக்காகவே காத்திருப்பவர்கள் அட்லாண்டிக் கடலில் இருக்கிறார்கள். ஸ்பெயினுக்குச் சொந்தமான கனேரித் தீவுகளில் லா பால்மா என்று ஒரு தீவு உண்டு. அங்கே 2,200 மீட்டர் உயர மலைமேல் மேஜிக் என்ற இரட்டைத் தொலைநோக்கிகள் நிற்கின்றன. ஃபெர்மி சொன்ன திசைக்கு அவற்றைத் திருப்ப அரை நிமிடம் போதும். ஆனாலும் பார்க்க முடியவில்லை. காரணம், நிலா!

“நிலாக் காயும் போதும் விண்மீன்கள் தெரிகின்றனவே, அவ்வளவு பெரிய தொலைநோக்கிக்கு என்ன வந்தது?” என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. மேஜிக் தொலைநோக்கி விண்மீனைப் பார்ப்பதே இல்லை. அது பார்ப்பது நம் தலைக்கு மேலே இருக்கும் காற்றை. காற்றில் என்ன பார்க்கிறது என்று தெரிந்துகொள்ள, முதலில் காமா கதிர் எப்படிப்பட்ட ஆசாமி என்று பார்த்துவிடுவோம்.

ஒளி சின்னச் சின்னத் துகள்களாகத்தான் வருகிறது. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளித்துகள் ஒவ்வொன்றும் சுமார் 2 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் கொண்டது. ரொம்பச் சின்ன அளவு. காமா கதிரும் ஒளிதான், ஆனால் ஆற்றலில் ராட்சசன். மேஜிக் தேடுகிற காமா ஒளித்துகள் ஒன்றுக்கு 10,000 கோடி எலக்ட்ரான்வோல்ட் இருக்கும். அதாவது கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் போல 5,000 கோடி மடங்கு. இவை நேராகத் தரைக்கு வருவதில்லை, காற்று மண்டலம் தடுத்துவிடுகிறது. நமக்கு நல்லதுதான். ஆராய்ச்சி செய்கிறவர்களுக்குத்தான் தொல்லை.

அப்படியானால் விண்வெளிக்கே போய்ப் பார்க்கலாமே? போயிருக்கிறார்கள். 2008இல் ஏவப்பட்ட ஃபெர்மி அந்த வேலையைத்தான் செய்கிறது. மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை வானம் முழுவதையும் துழாவிவிடும். ஆனால் அதன் முக்கியக் கருவி பக்கத்துக்கு 1.8 மீட்டர் அகலம்தான். ஆற்றல் கூடக் கூட காமா கதிர்கள் அரிதாகிக்கொண்டே போகும். தூரத்துக் குவாசரிலிருந்து வரும் மிக உயர் ஆற்றல் துகள் ஒன்று, குறி பார்த்து இந்தச் சின்னப் பெட்டிக்குள் வந்து விழ எத்தனை காலம் ஆகுமோ! இன்னும் பெரிய வலை வேண்டும். அந்த வலைதான் காற்று.

காமா ஒளித்துகள் ஒன்று காற்றில் நுழைந்ததும் ஏதாவது ஓர் அணுவின் அருகே போய் எலக்ட்ரானாகவும் பாசிட்ரானாகவும் மாறிவிடும். பாசிட்ரான் என்பது எலக்ட்ரானைப் போலவே இருக்கும், மின்னூட்டம் மட்டும் நேர்மின். இந்த இரண்டும் ஓடும் வழியில் புதிய காமா துகள்களை உண்டாக்கும். அவை மறுபடி ஜோடிகளாக மாறும். இரண்டு நான்காகி, நான்கு எட்டாகி, தரையிலிருந்து பத்து கிலோமீட்டர் உயரத்தில் நூற்றுக்கணக்கான துகள்கள் மழை போலக் கொட்டும். தரைக்கு வருவதற்குள் மழை வற்றிவிடும்.

இங்கேதான் வேடிக்கை. வெற்றிடத்தில் ஒளியை எதுவும் முந்த முடியாது. ஆனால் காற்றில் ஒளியே சற்றுத் தாமதப்படுகிறது, ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக. அந்தச் சின்ன இடைவெளி போதும், வேகமாக வரும் எலக்ட்ரான் காற்றிலுள்ள ஒளியை முந்திவிடும். அப்படி முந்தும்போது மங்கலான நீல ஒளி பிறக்கிறது. இதற்குச் செரன்கோவ் ஒளி என்று பெயர். பாவெல் செரன்கோவ் என்ற ரஷ்ய விஞ்ஞானி 1934இல் திரவங்களில் இதைக் கண்டார். அவ்வளவு மங்கலான ஒளி என்பதால், ஒவ்வொரு நாளும் இருட்டறையில் ஒரு மணி நேரம் போல உட்கார்ந்து கண்ணைப் பழக்கிக்கொண்டுதான் சோதனையையே தொடங்குவாராம். 1958இல் அவருக்கும், அந்த ஒளிக்கு விளக்கம் சொன்ன இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

திரவத்தில் சரி, காற்றில் பார்க்க முடியுமா? 1952இல் இங்கிலாந்தில் ஹார்வெல் என்ற ஊரில் கால்பிரெய்த், ஜெல்லி என்ற இருவர் முயன்று பார்த்தார்கள். (ஆமாம், ஜெல்லிதான். சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.) அவர்கள் எடுத்துக்கொண்ட கருவி ஒரு குப்பைத் தொட்டி! உள்பக்கம் கறுப்பு வண்ணம் அடித்து, அடியில் 25 சென்டிமீட்டர் குழியாடி ஒன்றை வைத்தார்கள். ஆடி குவிக்கும் ஒளி விழும் இடத்தில் மங்கலான ஒளியை மின் துடிப்பாக மாற்றும் குழாய் ஒன்று. இருட்டான இரவில் தொட்டியை வானம் பார்க்க நிறுத்தினார்கள். சுமார் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை திரையில் ஒரு துடிப்பு துள்ளியது. விண்ணிலிருந்து வந்த துகள்கள் காற்றில் செய்த செரன்கோவ் மின்னல் அது. இன்று மலைகளின் மேல் நிற்கும் பிரம்மாண்டமான காமா தொலைநோக்கிகள் எல்லாவற்றுக்கும் கொள்ளுத்தாத்தா அந்தக் குப்பைத் தொட்டிதான்.

நம் நாட்டில் இந்த வேலை தொடங்கிய ஊர் எது தெரியுமா? ஊட்டி! 1960களின் கடைசியில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் அங்கே தேடுவிளக்குகளின் ஆடிகளை வைத்து இந்த மின்னல்களைத் தேடினார்கள். இன்று லடாக்கில் ஹான்லே என்ற இடத்தில், 4,300 மீட்டர் உயரத்தில், மேஸ் என்ற தொலைநோக்கி நிற்கிறது. அதன் ஆடி 21 மீட்டர் அகலம். இந்த வகையில் ஆசியாவிலேயே பெரியது, உலகத்திலேயே உயரமான இடத்தில் இருப்பது. 2024 அக்டோபரில் திறந்து வைத்தார்கள்.

லா பால்மாவுக்குத் திரும்புவோம். மேஜிக் தொலைநோக்கி ஒன்றின் ஆடி 17 மீட்டர் அகலம். நூற்றுக்கணக்கான சிறு ஆடிகளைச் சேர்த்துச் செய்தது. தாங்கும் சட்டம் எடை குறைந்த கார்பன் இழைக் குழாய்களால் ஆனது. கூரை கிடையாது, மழையிலும் வெயிலிலும் வெட்டவெளியில்தான் நிற்கும். ஆடிக்கு எதிரே கேமரா. உங்கள் வீட்டு செல்போன் கேமராவில் கோடிக்கணக்கில் புள்ளிகள் இருக்கும். இதில் இருப்பது 1,039 மட்டுமே! ஒவ்வொரு புள்ளியும் ஓர் ஒளிமின் பெருக்கிக் குழாய். எண்ணிக்கையைப் பார்த்து இளக்காரமாக நினைக்காதீர்கள். செரன்கோவ் மின்னல் நீடிப்பது ஒரு விநாடியில் நூறு கோடியில் இரண்டு மூன்று பங்கு நேரம்தான். அதைப் படம் பிடிக்க செல்போனால் ஆகாது.

அந்த மின்னலின் ஒளி தரையில் 120 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் பரவி விழும். அந்த வட்டத்துக்குள் எங்கே தொலைநோக்கி இருந்தாலும் அகப்பட்டுவிடும். பெரிய வலை என்று சொன்னேன் அல்லவா, அது இதுதான். ஆனால் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் பத்து ஒளித்துகள்தான் விழும். அதனால்தான் அவ்வளவு பெரிய ஆடி. அதனால்தான் நிலாவைக் கண்டால் பயம். முழுநிலவு வெளிச்சத்தில் அந்தப் பத்துத் துகள் எங்கே தெரியப்போகிறது? குழாய்களும் கெட்டுவிடும். எனவே பௌர்ணமியை ஒட்டிச் சில இரவுகள் தொலைநோக்கிக்கு விடுமுறை.

இன்னொரு தொல்லையும் உண்டு. விண்வெளியிலிருந்து புரோட்டான்களும் ஓயாமல் வந்து காற்றில் மோதுகின்றன. அவையும் இதே போல மின்னும். ஒரு காமா மின்னல் வந்தால், ஆயிரக்கணக்கில் புரோட்டான் மின்னல்கள் வரும். எப்படிப் பிரிப்பது? படத்தின் வடிவத்தை வைத்துத்தான். காமா செய்யும் மின்னல் கேமராவில் மெலிந்த நீள்வட்டமாக விழும். புரோட்டான் செய்வது அங்கங்கே சிதறிய திட்டுகளாக இருக்கும். இந்த வித்தியாசத்தைக் கணக்காகச் செய்து காட்டியவர் மைக்கேல் ஹில்லஸ், 1985இல். அதன் பிறகுதான் இந்தத் துறைக்கே விடிந்தது என்பேன். அதுவரை குவியல் குவியலாகப் புரோட்டான்களைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

சரி, இந்தக் காமா கதிர்களை அனுப்பும் குவாசர் என்பது என்ன? ஒரு விண்மீன் மண்டலத்தின் நடுவே கோடிக்கணக்கான சூரியன்களின் நிறையுள்ள கருந்துளை இருக்கிறது. சுற்றியுள்ள வாயு அதற்குள் சுழன்று விழுகிறது. விழும்போது தகதகவென்று ஒளிர்கிறது. அந்த மண்டலத்தின் விண்மீன்கள் அத்தனையும் சேர்ந்தாலும் அந்த ஒளிக்கு ஈடாகாது. சில குவாசர்களில், விழுவதில் ஒரு பகுதி உள்ளே போகாமல் இரு பக்கமும் தாரையாகப் பீய்ச்சி அடிக்கிறது, ஏறத்தாழ ஒளியின் வேகத்தில். அந்தத் தாரை தற்செயலாக நம் பக்கம் திரும்பியிருந்தால் காமா கதிர்கள் நம்மை நோக்கி வரும். பி0218 அப்படிப்பட்டது.

எவ்வளவு தூரம்? ஒளி அங்கிருந்து இங்கே வர 700 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அந்த ஒளி கிளம்பியபோது சூரியனும் இல்லை, பூமியும் இல்லை. அவை பிறக்கவே இன்னும் இருநூறு, முந்நூறு கோடி ஆண்டுகள் பாக்கி இருந்தன.

இவ்வளவு தூரம் வருவதில் காமா கதிருக்கு ஓர் ஆபத்து உண்டு. விண்வெளி காலி இடம் என்று நினைத்துவிடாதீர்கள். விண்மீன்கள் பிறந்த காலம் முதல் இன்றுவரை விட்ட ஒளியெல்லாம் அங்கே அலைந்துகொண்டே இருக்கிறது. காமா துகள் ஒன்று இந்தப் பழைய ஒளித்துகள் ஒன்றோடு மோதினால், இரண்டும் மறைந்து எலக்ட்ரானும் பாசிட்ரானும் ஆகிவிடும். அப்புறம் நமக்கு வந்து சேர என்ன இருக்கிறது? தேரோடும் வீதியில் கூட்டம் நெரிகிறது என்று வையுங்கள். ஒல்லிப் பையன் ஒருவன் இண்டு இடுக்கில் புகுந்து மறுபக்கம் போய்விடுவான். தலையில் பெரிய கூடையோடு வருபவர் நாலடி வைப்பதற்குள் யார் மேலாவது இடித்துவிடுவார். காமா கதிரிலும் ஆற்றல் மிகுந்தவைதான் கூடைக்காரர்கள். ஜோடி உண்டாக்க ஒரு குறைந்தபட்ச ஆற்றல் தேவை. காமாவிடம் ஆற்றல் மிகுதியாக இருந்தால், எதிரே வருவது சோனியான அகச்சிவப்புத் துகளாக இருந்தாலும் போதும், மோதல் நடந்துவிடும். அகச்சிவப்புத் துகள்களோ அங்கே ஏராளம். அதனால் தூரத்துக் குவாசர்களிலிருந்து, ஆற்றல் சற்றுக் குறைந்த காமா கதிர்களே தப்பி வரும். அவை காற்றில் செய்யும் மின்னலும் மங்கலாக இருக்கும். பெரிய ஆடி வேண்டியதற்கு இது இன்னொரு காரணம்.

2006 பிப்ரவரி 23 இரவு மேஜிக் தொலைநோக்கி (அப்போது ஒன்றுதான் இருந்தது) கன்னி விண்மீன் கூட்டத்தின் திசையிலுள்ள 3சி 279 என்ற குவாசரிலிருந்து இத்தகைய கதிர்களைப் பிடித்தது. 500 கோடி ஆண்டுகளுக்கு மேல் பயணம் செய்தவை! அவ்வளவு தூரத்திலிருந்து வர வழியே இல்லை என்று பலர் நினைத்திருந்தார்கள். வழியில் நிற்கும் கூட்டம் அவர்கள் நினைத்ததைவிடக் குறைவு என்று அப்போது தெரிந்தது. காமா கதிர்களில் எவை வந்தன, எவை வராமல் போயின என்று எண்ணினால், பிரபஞ்சத்தில் உள்ள விண்மீன் ஒளி மொத்தம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிடலாம். நேராக அளக்க ரொம்பக் கஷ்டமான ஒன்று இது. நம் சூரிய மண்டலத்துத் தூசியின் ஒளியே குறுக்கே வந்து கெடுத்துவிடும்.

2014 ஜூலையில் பௌர்ணமியால் தவறிப்போனது, 3சி 279ஐவிடவும் தூரத்திலிருந்து வந்த கதிர். வருத்தமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் மேஜிக் குழுவினர் கைகட்டி உட்கார்ந்துவிடவில்லை. இந்தக் குவாசருக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு என்பது அவர்களுக்குத் தெரியும்.

நமக்கும் பி0218க்கும் நடுவே, ஏறத்தாழ நேர்கோட்டில், இன்னொரு விண்மீன் மண்டலம் இருக்கிறது. நிறை அதிகமுள்ள பொருள் தன் அருகே வரும் ஒளியை வளைக்கும் என்பது ஐன்ஸ்டீன் சொன்னது. குறுக்கே நிற்கும் மண்டலம் ஒரு வில்லையைப் போலக் குவாசரின் ஒளியை வளைத்து, ஒரே குவாசரை இரண்டாகக் காட்டுகிறது. ஒரு பக்கமாக வளைந்து வரும் ஒளிக்கு ஒரு வழி, மறுபக்கமாக வருவதற்கு இன்னொரு வழி. இரண்டு வழிகளும் ஒரே நீளம் இல்லை. மண்டலத்தின் மையத்தை ஒட்டி வரும் ஒளிக்கு, அங்கே ஈர்ப்பு அதிகம் என்பதால் கூடுதல் தாமதம் வேறு. ஆக, குவாசரில் ஒரு தடவை நடந்தது நமக்கு இரண்டு தடவை தெரியும்!

எவ்வளவு நாள் இடைவெளியில்? 2012இல் இதே குவாசர் பொங்கியபோது ஃபெர்மி கணக்கெடுத்து வைத்திருந்தது: 11.46 நாள். வேண்டுமானால் ஒரு தாளை எடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள். 750 கோடி ஆண்டு என்று வைத்துக்கொண்டாலும் அது 2 லட்சத்து 74 ஆயிரம் கோடி நாள் ஆகிறது. அவ்வளவு நீண்ட பயணத்தில் இரண்டு வழிகளுக்கும் வித்தியாசம் பதினொன்றரை நாள்தான்.

இரண்டு பிம்பங்களும் வானத்தில் எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்று கேட்டால் சிரிப்பு வரும். நிலாவின் அகலத்தை 5,500 துண்டாக நறுக்கினால் அதில் ஒரு துண்டு. ரேடியோ தொலைநோக்கிகளுக்கு இது தனித்தனியாகத் தெரியும். காமா தொலைநோக்கிகளுக்குக் கண் அவ்வளவு கூர்மை இல்லை. மேஜிக் பிரித்துப் பார்க்கக்கூடியது நிலாவின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரைதான். அதற்கு இரண்டு பிம்பமும் ஒரே புள்ளி. ஆகவே இடத்தை வைத்து முதல் பிம்பம் எது, இரண்டாவது எது என்று சொல்லவே முடியாது. ஆனால் நாளை வைத்துச் சொல்லலாம்! ஜூலை 13, 14இல் வந்தது முதல் வழியாக வந்தது. 11.46 நாள் கழித்து, அதாவது ஜூலை 25, 26 வாக்கில் வந்தால், அது சுற்றுவழியில் வந்த பங்கு.

இப்போது 2014ஆம் ஆண்டு நாள்காட்டியைப் பாருங்கள். ஜூலை 26 ஆடி அமாவாசை. நம் ஊரில் ராமேஸ்வரத்திலும் காவிரிக் கரையிலும் கூட்டம் அலைமோதிய நாள். லா பால்மாவில் நிலாத் தொல்லை துளியும் இல்லாத கன்னங்கரிய இரவு. முக்கோண விண்மீன் கூட்டம் அந்த மாதத்தில் நள்ளிரவுக்குப் பிறகுதான் மேலே ஏறும். விடிவதற்குள் கிடைத்த நேரம் கொஞ்சம்தான், இரண்டு இரவையும் சேர்த்தால் இரண்டு மணி நேரச் சொச்சம். தொலைநோக்கிகள் காத்திருந்தன. சொல்லி வைத்தாற்போல ஜூலை 25, 26 இரவுகளில் காமா கதிர்கள் வந்தன. 6,500 கோடி முதல் 17,500 கோடி எலக்ட்ரான்வோல்ட் வரை அவற்றின் ஆற்றல். ஈர்ப்பு வில்லை வழியாக வந்த மிக உயர் ஆற்றல் காமா கதிரை மனிதர்கள் பிடித்தது அதுவே முதல் தடவை. வானியலில் ஒரு வெடிப்பையோ பொங்கலையோ தவறவிட்டால் விட்டதுதான், பொதுவாக இரண்டாம் வாய்ப்பே கிடையாது. இங்கே அது கிடைத்தது மட்டுமல்ல, எந்தத் தேதியில் கிடைக்கும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தது!

கிடைத்ததை வைத்து ஒரு புதிருக்கும் விடை தேடினார்கள். குவாசரின் கருந்துளைக்கு அருகே பளபளக்கும் வாயு மேகங்கள் சுற்றிக்கொண்டிருக்கும். காமா கதிர்கள் அந்த மேகங்களுக்கு உள்ளே பிறந்தால், மேகங்களின் ஒளியோடு மோதி அங்கேயே காலியாகிவிடும். வீட்டு வாசலையே தாண்டாது! நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்றால், தாரையில் அந்த மேகங்களைத் தாண்டிய இடத்தில்தான் அவை பிறந்திருக்க வேண்டும். அவ்வளவு தூரம் போன பிறகு தாரைக்குள் துகள்களுக்கு இத்தனை ஆற்றல் கொடுப்பது எது, அதுவும் ஒன்றிரண்டு நாட்களுக்குள் பொங்கி அடங்கும்படி? இதில் விஞ்ஞானிகள் இன்னும் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அடுத்த ஆண்டே, 2015 ஏப்ரலில், ஏறத்தாழ அதே தூரத்திலுள்ள பிகேஎஸ் 1441+25 என்ற குவாசரை மேஜிக்கும், அமெரிக்காவில் அரிசோனாவில் உள்ள வெரிடாஸ் தொலைநோக்கிகளும் பிடித்தன. பிறகு 2023 டிசம்பரில் ஓபி 313. இது இரண்டையும்விடத் தூரம். அதைப் பிடித்தது மேஜிக்குக்குப் பக்கத்திலேயே எழுந்திருக்கும் புதிய தொலைநோக்கி, பெயர் எல்எஸ்டி-1. ஆடி 23 மீட்டர் அகலம், எடை நூறு டன். அந்த உடம்பை வைத்துக்கொண்டு 20 விநாடியில் வானத்தின் எந்தப் பக்கமும் திரும்பிவிடும். ஓபி 313ஐக் கண்டபோது அது இன்னும் சோதனை ஓட்டத்தில்தான் இருந்தது. அதே மலையில் அதே அளவில் இன்னும் மூன்றுக்கு வேலை நடக்கிறது.